இடத்தைக் காட்டு

எங்கள் ஆபீசில் நான் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. ஓடுகிற புரோகிராம் பாதியில் செத்துப்போய், ‘புரோகிராம் விழுந்துடுச்சு’ என்று யாராவது வந்து நின்றால் நான் சொல்லும் முதல் வார்த்தை ‘இடத்தைக் காட்டு’. எந்த ஃபைல், எந்த வரி, விழும்போது மெமரியில் எந்த இடத்தைத் தொட்டது, இதையெல்லாம் காட்டினால் உட்காரச் சொல்வேன். காட்டாவிட்டால் போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்வேன். திமிர் பிடித்தவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கவா நான் சென்னைக்குப் போனேன்?

தவறாமல் இடத்தைக் காட்டிய ஒரே ஆள் டெஸ்டிங் டீமில் இருந்தார். நான் எழுதுவதை உடைப்பதுதான் அவர் வேலை. உடைத்துவிட்டு, சிரிக்காமல் வந்து நின்று, விரலை ஸ்கிரீனில் வைத்து ‘இந்த வரி’ என்பார். ஒரு நாளும் விரல் தப்பான வரியில் விழுந்ததில்லை. அவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். ஆபீசில் ‘நீ, வா, போ’; ஊருக்கு வந்தால் பெரியவர்கள் முன்னால் ‘நீங்க, வாங்க, போங்க’. என் அம்மா வீடு பெரம்பலூர். அவர் வீடு அரியலூரைத் தாண்டி, கரிசல் நிலத்தில், அவர்கள் பேச்சில் கொல்லையில், பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டில் போகிற தகவலுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வழி சொல்லுகிற பெட்டிக்கு ரூட்டர் என்று பேர். அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளை எங்கள் கம்பெனி எழுதியது. ஒவ்வொரு ரூட்டரும் தன் பக்கத்து ரூட்டர்களைப் பற்றி மெமரியில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். பக்கத்து ஆள் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க டைமர்கள் வைத்திருக்கும். அவன் போய்விட்டான் என்று தெரிந்தால் குறிப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும்.

அங்கேதான் ஓட்டை. குறிப்பை அழித்த பிறகும் ஏதோ ஒரு டைமர் ரத்தாகாமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் வந்ததும் பழைய இடத்துக்குப் போய் நின்றது. லாட்ஜ் ரூமைக் காலி செய்தவன் சாவியைக் கொடுக்காமல் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து வந்து கதவைத் திறப்பது மாதிரி. உள்ளே யாரோ இருப்பார்கள். பெட்டி விழுந்தால்கூடப் பரவாயில்லை. விஷயம் தெரிந்த திருடன் அந்தக் காலி இடத்தில் தன் சரக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தால், எங்கள் புரோகிராம் அவன் சொன்னபடியெல்லாம் ஆடும். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் பட்ட எல்லா டைமரையும் பிடித்து ரத்து செய்கிற மாதிரி, ஓட்டையை அடைக்க ஒரு பேட்ச் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு லீவு போட்டுவிட்டு, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்தேன்.

வைகாசியில், நாள் ஆவதற்கு முன்னாலேயே, பெண் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நர்ஸம்மா ஓட்டை வழியாகக் கையை விடச் சொன்னார். நான் ஒரு பாதத்தைத் தொட்டேன். அது என் விரலை உதைத்தது. என் கோபம் அப்படியே வந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் ஏறியது. ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். கண் விழித்தபோது அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதற்குள் மாமனாரும் என் வீட்டுக்காரரும் பிள்ளையைத் துணியில் சுற்றிக் காரில் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“எனக்கு ஏன் காட்டல?” என்றேன்.

“பெத்தவ பாக்கக் கூடாதும்மா” என்றாள் அம்மா.

“எங்க வெச்சாங்க?”

“அதக் கேக்காத. தெரிஞ்சா போயி நிப்ப. போனா அடுத்த புள்ள தங்காது.”

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள். ஆம்பளைகள் ரெண்டு பேர் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, குளித்துவிட்டுச் சோறு சாப்பிடுவார்கள். பெற்றவளுக்கு மட்டும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். அந்த வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எல்லாம் துடைத்து எடுத்திருந்தது. தொட்டில் போய்விட்டது. நான் துவைத்து மடித்து வைத்திருந்த சின்னத் துணிகள் போய்விட்டன. முதல் முடி சிறுவாச்சூர் அம்மனுக்கு என்று அம்மா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசுகூட சாமி அலமாரியில் இல்லை. என் உடம்பிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. நெஞ்சு கல்லாகி, தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் ரவிக்கை நனைந்தது. அம்மா பழைய பஸ் ஸ்டாண்டில் உதிரி மல்லிகை வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினாள். பூ வைத்தால் பால் வற்றும். பூக்காரி, இவ்வளவு பூ வாங்குகிறீர்களே, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாளாம். அம்மா அதைச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அம்மா எனக்கு முன்னால் அழுதது அந்த ஒரு தடவைதான். எனக்கு இப்போதும் மல்லிகை வாசம் ஆகாது.

துக்கம் கேட்க வந்தவர்கள் வேறு. அடுத்தது ஆம்பளைப் பிள்ளையாகப் பிறக்கும், கவலைப்படாதே என்று ஒரு சித்தி சொன்னாள். “உன் புருஷன் செத்தாலும் அடுத்தவரு நல்லவரா வருவாருன்னு சொல்லட்டா?” என்று கேட்டேன். அதோடு அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது.

அவர் சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து பஸ்ஸில் வருவார். நாலு ரோட்டில் இறங்கி, நடந்தே வீட்டுக்கு வருவார். எங்கே வைத்தீர்கள் என்று நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். “அப்பா சத்தியம் வாங்கிட்டாரு” என்பார். பிறகு ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். இப்படியே போனால் இந்த ஆளோடு இனி நான் குடித்தனம் நடத்தப் போவதில்லை என்று அந்த நாட்களில் மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே என் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனோடு எப்படி வாழ்வது?

ஆடியில் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் லேப்டாப்போடு வந்தார். கீழே வைத்துவிட்டு, “உன் பேட்ச் விழுந்துடுச்சு” என்றார்.

என்னையும் அறியாமல், “இடத்தைக் காட்டு” என்றேன்.

திறந்து விரலை வைத்தார். நான் எல்லாவற்றையும் ரத்து செய்திருந்தேன், ஒன்றைத் தவிர. புதுசாக யாரோ சேர்த்த ஒரு டைமர் வேறொரு ஃபைலில் இருந்தது. அது அந்தக் குறிப்பைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. பிள்ளை போன பிறகு நாங்கள் முதன்முதலாக முகம் பார்த்துப் பேசியது அன்றுதான், அதுவும் இதைப் பற்றி. அம்மா சமையலறையிலிருந்து வந்து, “பச்ச ஒடம்புக்காரி, கண்ணு கெட்டுப்போயிடும், மூடி வையி” என்றாள். “கெட்டா கெடட்டும்” என்றேன்.

ஒவ்வொரு டைமராகத் துரத்தினால் இது ஒருநாளும் தீராது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு இன்னொருவன் இன்னொன்றைச் சேர்ப்பான். அதனால் முறையையே மாற்றினேன். அந்தக் குறிப்பைப் பிடித்திருக்கிற ஒவ்வொருவரும் முதலிலேயே ‘நான் பிடித்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். பக்கத்து ரூட்டர் போய்விட்டாலும், கடைசி ஆள் கையை எடுக்கிறவரை இடத்தைக் காலி செய்யக் கூடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் டைப் அடிக்க அடிக்க எனக்கு வயிறு எரிந்தது. என்னை யார் கேட்டார்கள்? தொட்டிலை எடுத்தார்கள், துணியை எடுத்தார்கள், பிள்ளையை எடுத்தார்கள். நான் கையை எடுக்கவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்த வேலையில் கிடந்தேன். அம்மா அதட்டிக்கொண்டே பக்கத்தில் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள்.

முடித்து அனுப்பினேன். அவர் ஆபீசில் அதைப் போட்டு அடி அடி என்று அடித்தார். ரூட்டர்களின் வயரைப் பிடுங்கினார், மறுபடி செருகினார், திருடன் அனுப்புகிற மாதிரி செய்திகளைச் செய்து அனுப்பினார். புரட்டாசியில் வந்தபோது சட்டையைக்கூடக் கழற்றாமல், “ஒடைக்க முடியல. நிக்குது” என்றார். மற்ற நாளாக இருந்தால் நான் குதித்திருப்பேன்.

“இப்ப நீ எனக்கு ஒரு இடத்தைக் காட்டு” என்றேன்.

அம்மா வீட்டுக் கூடத்தில் ‘நீ’ வந்துவிட்டது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த மனுஷனுக்கும் அது பிள்ளைதான் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

“நாளைக்குக் காலைல போவோம்” என்றார்.

அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். காலையில் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, “வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க மாப்ள” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு அரியலூர் ரோட்டில் போனோம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வெள்ளைத் தூசியை வாரி இறைத்துக்கொண்டு போயின. ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி பாக்கெட் பால் வாங்கினேன். பிள்ளையைப் புதைத்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும். என்னுடையது வற்றிப்போயிற்று, கடைப் பால்தான் கதி. வண்டி ஓட்டிக்கொண்டே அவர் சொல்லிக்கொண்டு வந்தார். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த பேச்சு, காற்றில் பாதிதான் என் காதில் விழுந்தது. “நம்ம கொல்லையிலதான். ஓடைப் பக்கம், ஓரத்துல. நாயி நோண்டக் கூடாதுன்னு கருவ முள்ளு வெட்டி மேல போட்டு, கல்லு வெச்சோம். பாத்ததும் தெரியும்.”

வரப்பில் ஏறியதும் அவர் நின்றுவிட்டார். ஓடை வரைக்கும் மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. முள்ளும் இல்லை, கல்லும் இல்லை.

மோட்டார் கொட்டகையிலிருந்து மாமனார் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, மகனைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஆவணியில டிராக்டர் வந்துச்சுப்பா. அன்னிக்கு நான் டவுனுக்குப் போயிட்டேன். அவன் வெறும் முள்ளுன்னு தள்ளிட்டு, ஓடை வரைக்கும் ஓட்டிப்புட்டான். அவன்கிட்ட சொல்லி வெக்கல. சொன்னா ஊருக்கே தெரிஞ்சு, புள்ள காதுக்கு வந்துடும்னு யார்கிட்டயும் சொல்லல.”

புள்ள என்றது என்னை. நான் அவரைத் திட்டவில்லை. யார் காதுக்கும் வரக் கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக மூடி வைத்தார்கள். அதனாலேயே அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று ஏர் ஓட்டினவனுக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் செடிகளுக்குள் இறங்கினார். “இங்கதான்” என்றார். ரெண்டு எட்டு தள்ளி நின்று ஓடையைத் திரும்பிப் பார்த்தார். “இல்ல, இன்னும் அந்தப் பக்கம்.” மறுபடியும் நகர்ந்தார். எந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே பச்சை. நீட்டிய விரல் எதன் மேலும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “தெரியலடி” என்றார்.

“பரவாயில்ல, வாங்க” என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்து, ஓடையோரத்தில் ஏர் கீறிய முதல் சாலிலிருந்து ஊற்றிக்கொண்டே நடந்தேன். எந்தச் சாலில் படுத்திருக்கிறாளோ, அவளுக்கு விட்டுப்போய்விடக் கூடாதே என்று சொட்டுச் சொட்டாகத்தான் விட்டேன். பாதிக் கொல்லைகூட வரவில்லை, பால் தீர்ந்துபோனது. மிச்சச் சாலெல்லாம் வெறும் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னால் வந்தார். வண்டி நிறுத்திய ரோடு வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் அதைக் காலில் போட்டுக்கொள்ளவில்லை.