என் டிஃபென்ஸுக்கு வந்த தெரு

இந்த ஊருக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, பரீட்சை அறையின் கதவைத் திறந்து வைப்பது. முனைவர் பட்டத்தின் கடைசித் தேர்வுக்கு, 'யார் வேண்டுமானாலும் வரலாம், பிஸ்கட் உண்டு' என்று துறை முழுவதற்கும் மின்னஞ்சல் போகிறது. ராயபுரத்தில் நான் ப்ளஸ் டூ எழுதியபோது, கேட்டுக்கு வெளியே ஜெபமாலையோடு நின்ற அம்மாவை வாட்ச்மேன் மூன்று முறை விரட்டினார். இங்கே அம்மா உள்ளேயே வந்து உட்காரலாம், கேள்விகூடக் கேட்கலாம். இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

மருத்துவத்தையும் கணக்கையும் சேர்த்துப் படிக்கும் என் துறையில் பட்டம் என்பது ஒரு நீண்ட பட்டியல். இரண்டு வருடம் புள்ளியியலும் உயிரியலும் படிக்க வேண்டும். மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி மட்டும் கிடையாது. பிறகு தகுதித் தேர்வு, இளையவர்களுக்குப் பாடம் நடத்துவது, அறநெறி வகுப்பு, ஆய்விதழில் கட்டுரை. எல்லாம் முடிந்தால் ஐந்து பேர் குழுவின் முன் ஆய்வை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் டிஃபென்ஸ். அதில் தேறாவிட்டால் ஆறு வருட உழைப்பும் அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் நான் ஃபோனில் "பாஸ்" என்று கத்தினால், அம்மா நிதானமாக, "இன்னும் எத்தினி பாக்கி கீது?" என்பாள்.

அந்த நாளில் இங்கே காலை பத்து மணி, அங்கே இரவு ஏழரை. அம்மாவுக்கு மட்டும் அனுப்பிய வீடியோ லிங்க் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டிருந்தது. சுவரில் ஒளிர்ந்த திரையின் ஒரு கட்டத்துக்குள் எங்கள் தெருவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பின்னால், வண்ணாரப்பேட்டையில் அடித்த ஃப்ளெக்ஸ் பேனர். அதில் 'முனைவர் நிர்மலா' என்று கொட்டை எழுத்து. நான் இன்னும் வாயையே திறக்கவில்லை! குழுத் தலைவர் ஹெலன், "உன் குடும்பமா?" என்று கேட்டார். "இல்லை, என் தெரு" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

இதய நோயாளிகளில் யார் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்று கணிப்பதுதான் என் ஆய்வு. முக்கால் மணி நேரம் பேசி முடித்தேன். பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார் ஹெலன். தெருவில் கோயில் மைக்கைப் பிடித்து எழுந்தவள் ஜெனி. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வரும் பெட்டி போகும் பெட்டியைச் சரிபார்க்கும் டேலி கிளார்க்.

"நிம்மி, மொத ஸ்லைடுல ஒரு நம்பரு, கடைசி ஸ்லைடுல ஒரு நம்பரு. ரெண்டும் டேலி ஆவல. நடுவுல காணாப்போன ஆளுங்கள இன்னா பண்ண? எங்க யார்டுல பொட்டி ஒண்ணு இல்லன்னா லிஸ்ட்லேர்ந்து அடிச்சிட்டு வூட்டுக்குப் போவ முடியாது. எங்க கீதுன்னு சொல்லணும்."

பாதியில் தகவல் நின்றுபோன நோயாளிகளைச் சேர்த்தால் என் முடிவுகள் அழகாக வரவில்லை. ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அவர்களை நீக்கியிருந்தேன். ஐந்து பேராசிரியர்கள் கண்ணிலும் படாதது இவள் கண்ணில் பட்டிருக்கிறது. அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. 'வாழ்த்துச் சொல்கிறாள்' என்றால் முடிந்தது கதை. சொல்லப்போனால் வாயும் அதற்குத்தான் திறந்தது. ஆனால் ஜெனி காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, யார்டில் லாரிக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியையும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஹெலன் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

இனிக் குழு மட்டும் பேசும், பொதுமக்கள் போகலாம் என்று அறிவித்தார்கள். ராயபுரம் அசையவில்லை. "புள்ளய தனியா வுட்டுட்டு எப்டிப் போறது?" என்றாள் அம்மா. நானே இணைப்பைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஒரு மணி நேரம் ஜெனியின் கேள்வியை வைத்தே என்னை உலுக்கி எடுத்தார்கள். கடைசியில் தீர்ப்பு: தேறிவிட்டாய், ஆனால் மூன்று மாதத்தில் அந்தக் கேள்விக்கு ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்த ஹெலன் டிஷ்யூ டப்பாவை நகர்த்தினார்.

"அடிப்பாவி, மூணு மாசம் வேலை வச்சிட்டியே!" என்று ஜெனியை ஃபோனில் அழைத்துக் கத்தினேன்.

"நானாடி? டவுட்டு வந்துச்சு, கேட்டேன். அத வுடு, இப்ப பேனர இன்னா பண்றது?"

கழற்ற அம்மா விடவில்லை. அதனால் ஜெனி 'முனைவர்' என்ற சொல்லின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மேல் ஓரத்தை மட்டும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள்.

நான் இப்போது காணாமல் போனவர்களைப் பதிவுகளில் ஒவ்வொருவராகத் தேடுகிறேன். பலர் செத்துப்போகவில்லை, வேறு ஊருக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். என்னைப் போல. முன்பு நானும் பாடிய அந்தப் பாடகர் குழுவின் வருகைப் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறதாம். எதிரே 'வெளியூர்' என்று ஜெனி எழுதி வைத்திருக்கிறாள், அடிக்கவில்லை. சாயங்காலங்களில் அவள் பேனரை வீடியோ எடுத்து அனுப்புகிறாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்து தாளைத் தூக்கினால் முனைவர் நிர்மலா. காற்று நின்றால் வெறும் நிர்மலா.