பறங்கியர் முறைப்படி ஒரு யாழ்ப்பாணக் கலியாணம்

கலியாணம் ஒழுங்குசெய்து கொடுக்கும் தொழிலில் மண்டபம், சாப்பாடு, பூ எல்லாம் சுகமான வேலைகள், மனிதர்கள்தான் கஷ்டம். ரெய்னர்ஸ் லேனில் ஒரு நகைக்கடைக்கு மேலே என் அலுவலகம். முன்பெல்லாம் ஹரோவில் ஒரு மண்டபம் பிடித்துக் கொடுத்தால் போதும். இப்போது பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் கலியாணம் வேண்டும், அந்த நாட்டுச் சம்பிரதாயமும் வேண்டும். லண்டனே வெளிநாடுதான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் என் பாடு விளங்கும். வைஷ்ணவியின் கலியாணத்தை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து பாதாம்

வைஷ்ணவி மருந்தகத்தில் வேலை செய்பவள். மாப்பிள்ளை டியோகோ லண்டனில் பிறந்த போர்த்துக்கீசப் பையன். எதைக் கேட்டாலும் "நைஸ்" என்பான். லிஸ்பனுக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டில் கலியாணம். எல்லாம் போர்த்துக்கீச முறைப்படி நடக்க வேண்டும் என்று நின்றவள் வைஷ்ணவிதான்.

ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் லூர்டெஸையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா வடக்குப் போர்த்துக்கலில் ஏதோ மலைக்கிராமத்தில் பிறந்து, இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர். விருந்தாளி ஒவ்வொருவருக்கும் சீனி பூசிய பாதாம் ஐந்து கொடுக்க வேண்டும், அது உங்கள் பாரம்பரியம் என்று வைஷ்ணவி அவருக்கே விளக்கினாள். ஆரோக்கியத்துக்கு ஒன்று, செல்வத்துக்கு ஒன்று என்று விரல் விட்டும் காட்டினாள். லூர்டெஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் பொறுமையாகக் கேட்டார்.

"என் கலியாணத்தில் உருளைக்கிழங்கு கொடுத்தோம். யாரும் எண்ணவில்லை."

சேவல்

அடுத்தது சேவல். கறுப்பு உடம்பு, சிவப்புக் கொண்டை, சிறகெல்லாம் பூ வரைந்த மண் பொம்மை. போர்த்துக்கீசப் பழங்கதை ஒன்றில், அநியாயமாகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவனைக் காப்பாற்ற, பொரித்துத் தட்டில் வைத்த சேவல் எழுந்து கூவியதாம். மேசைக்கு ஒன்று வைக்க வேண்டும் என்றாள் வைஷ்ணவி.

மாதிரிக்கு வந்த சேவலை அவளுடைய தாய் பத்மா அக்கா கையில் எடுத்தார். இது வேண்டாம் என்பார் என்று பார்த்தால், சுவாமி அறைக்கு இன்னொன்று எடுக்க ஏலுமா என்று கேட்டார். "அம்மா, இது போர்த்துக்கீஸ்" என்றாள் மகள்.

"சேவல் முருகன்ர கொடியில நிக்கிறது. அவை எங்களிட்டையிருந்து கொண்டுபோயிருப்பினம்."

கதிரை

வைஷ்ணவியின் தகப்பன் சிவநேசன் அண்ணை ஒரு பின்னேரம் தனியாக வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார்.

"தங்கச்சி, நான் போர்த்துக்கலுக்கு வரேல்லை. எங்கட கோயிலுகளை இடிச்ச பறங்கியின்ர ஊரில வைச்சு என்ர பிள்ளையைத் தாரைவார்க்க ஏலாது."

 அப்பா வராவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று முதல்நாள்தான் வைஷ்ணவி போனில் அழுதிருந்தாள். கோயில் இடித்தது எந்தக் காலம், மாப்பிள்ளை பிறந்தது லண்டன் ஆஸ்பத்திரியில் என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் என் படிப்பைக் காட்டினேன். "அண்ணை, நீங்கள் இருக்கிற கதிரை, இந்த மேசை, அந்த அலுமாரி, காலில கிடக்கிற சப்பாத்து, எல்லாம் அந்தப் பறங்கியின்ர பாஷையில இருந்து வந்த சொல்லுத்தான்."

தன் சப்பாத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக எழும்பினார்.

"அப்ப நிண்டுகொண்டே சொல்லுறன். நான் வரேல்லை."

கீரைச் சூப்

கலியாணச் சாப்பாட்டை ருசி பார்க்க ஸ்டொக்வெல்லில் ஒரு போர்த்துக்கீசச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பத்மா அக்காவைக் காரில் கொண்டுவந்து விட்ட சிவநேசன் அண்ணை வெளியிலேயே இருக்கப் பார்த்தார். காரை நிறுத்தினால் தண்டம் வரும் என்று ஆள் வந்து எழுப்பிய பிறகு, அதை வேறு தெருவில் விட்டுவிட்டு வேண்டாவெறுப்பாக உள்ளே வந்தார். முதலில் சூப் வந்தது. நூலாக அரிந்த கீரை, உருளைக்கிழங்கு, மேலே ஒரு துண்டு இறைச்சி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவருக்கு மச்ச மாமிசம் ஆகாது. கோப்பையைத் தள்ளிவிட்டுப் பரிமாறியவரிடம் ஏதோ சொன்னார். அவரும் தலையாட்டிவிட்டு, இறைச்சி போடாத சூப் கொண்டுவந்து வைத்தார்.

லூர்டெஸின் கரண்டி பாதியில் நின்றது. "இவர் எங்கள் பாஷை பேசுகிறார்."

மேசையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் சூப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். லண்டனுக்கு என்று புறப்பட்டவரை, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் லிஸ்பனில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஊரில் வங்கியில் இருந்தவர். வெட்கத்தில், பாரிஸில் சிநேகிதனோடு நிற்கிறேன் என்று வீட்டுக்குச் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே சொன்னதால் பிறகு மாற்ற ஏலவில்லை.

"அங்க ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்ப பொம்பிளையின்ர தகப்பன் எண்டு போய் இறங்க ஒரு மாதிரிக் கிடக்குது."

"அப்ப கோயில் இடிச்சது?" என்றாள் வைஷ்ணவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதுவும் இடிச்சவங்கள்தான்."

லூர்டெஸ் அவரிடம் போர்த்துக்கீசத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். அந்தக் குளிர்காலம் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். அவர் கோப்பையைத் தொட்டுக் காட்டினார். இதுதான், ஒவ்வொரு நாளும். பத்மா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நான் வைக்கிற கீரையை இந்தாள் இவ்வளவு காலமும் ஏன் தொடேல்லை எண்டு இண்டைக்குத்தான் விளங்குது."

பேச்சு

வந்தார். சிவநேசன் அண்ணை பட்டு வேட்டி கட்டி, லிஸ்பன் வெயிலில் மகளைத் தாரைவார்த்தார். கலியாணம் முடிந்து விருந்தில் பேசக் கூப்பிட்டால் ஒருநாளும் எழும்பமாட்டார் என்று நினைத்திருந்தோம். எழும்பினார். முதலாளி முன்னால் நிற்பவர் மாதிரிக் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போர்த்துக்கீசத்தில் பேசினார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் பக்கத்தில் முதலில் ஒரு சலசலப்பு, யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு ஒரு வயதானவர் எழும்பி நின்று கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். அதைப் பார்த்து நாங்களும் தட்டினோம்.

என்ன சொன்னார் என்று லூர்டெஸிடம் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தனக்குச் சூப் ஊற்றிக் கொடுத்த சமையல்காரிக்கு நன்றி சொன்னார், அவள் பெயரைக் கேட்காமல் விட்டதற்கு வருத்தப்பட்டார். நடுவில் எங்கள் எல்லோரையும் மரியாதையாகக் கூப்பிடுவதாக நினைத்து ஒரு சொல் சொன்னார், அது படுமோசமான கெட்ட வார்த்தை. முதலாளி அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்."

அதற்குப் பிறகு யார் வந்தாலும், எந்த நாட்டில் கலியாணம் என்று கேட்பதற்கு முன்னால், பெண்ணின் தகப்பன் எந்த நாட்டில் கோப்பை கழுவினவர் என்றுதான் கேட்கிறேன்.