மன்னார்க் கிணறும் என் வாய்ப்பூட்டும்

கடலுக்கடியில் எண்ணெய் தேடும் தொழிலில் ஒன்றும் கிடைக்காத நாள்தான் வேலைநாள். கிடைத்துவிட்டால் உங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வேறு பெரிய ஆட்கள் வந்துவிடுவார்கள். இந்தக் கடல் உத்தியோகத்தை நான் கடலே இல்லாத சுவிஸில், பாடன் நகரத்தில், ஆற்றைப் பார்த்த ஒரு மூன்றாம் மாடியில் இருந்து பார்த்தேன். சின்னக் கொம்பனி. எங்களிடம் இருந்ததெல்லாம் மன்னார்க் கடலில் தேடுவதற்கு அனுமதி கிடைத்த ஒரு சதுரமும், நினைத்தபோது மட்டும் வேலை செய்யும் ஒரு கோப்பி மெஷினும்தான். கப்பல் ஒன்று அந்தச் சதுரத்தில் மேலும் கீழும் ஓடி, தண்ணீருக்குள் காற்றை வெடிக்கவைத்து, அடியில் உள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிந்து அனுப்பும். அதைப் படமாக்கி நிறம் தீட்டுவது என் வேலை.

செய்கிற வேலை என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாமல் நொந்துபோனவர்கள் எல்லாரும் என் சாதிசனம். கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள்.

பெற்றோல் கழிவு

என் மனைவி சரோவின் தம்பி தவம் சோலோதுர்னில் கொத்துரொட்டிக் கடை வைத்திருக்கிறான். எண்ணெய்க் கொம்பனியில் எனக்கு வேலை கிடைத்த செய்தி அவனை எட்டியதும், காரை எடுத்துக்கொண்டு பாடனுக்கு வந்துவிட்டான். தாங்கியில் பெற்றோல் இல்லை. எங்களிடம் கழிவு விலையில் நிரப்பலாமென்று வேண்டுமென்றே அப்படி வந்தானாம்.

எங்களிடம் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை, விற்பதற்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்கூட இல்லை, நாங்கள் தேடுகிறவர்கள் மட்டும்தான் என்று ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் விளங்கப்படுத்தினேன். அவன் தேத்தண்ணியை முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பொறாமையோடு பார்த்தான்.

"விக்கிறதுக்கு ஒண்டுமே இல்லாமல் மாசாமாசம் சம்பளம் தாறாங்களோ? அத்தான், அங்கை எனக்கும் ஒரு இடம் பாருங்கோ."

ஐந்தில் ஒன்று

'அதிகம் ஆராயப்படாத படுகை' என்பது எங்கள் தொழிலில் பெரிய புகழ்ச்சி. அங்கே இதுவரை யாரும் பெரிதாக ஒன்றும் காணவில்லை என்பதைப் பணக்காரர்களுக்குச் சொல்கிற மரியாதையான முறை அது. மன்னார்க் கடல் அப்படிப்பட்டது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் சேறும் காலங்காலமாகப் படிந்து கிடக்கிற பெரும் பள்ளம். அதில் துளைத்துப் பார்த்த இடங்களோ கொஞ்சம்.

எங்கள் தலைமை நிலவியலாளர் ரெகுலா என்ற பெண்மணி ஒரு நாள் எல்லாரையும் கூட்டி, நாங்கள் துளைக்கப்போகும் இடத்தில் வெற்றி கிடைக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றார். ரெகுலா சிரித்ததை அந்தக் கட்டடத்தில் யாரும் கண்டதில்லை. அன்று சிரித்தார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள், நானும் தட்டினேன். எங்கள் தொழிலில் ஐந்தில் ஒன்று என்றால் பாற்சோறு பொங்க வேண்டிய செய்தி. வீட்டுக்கு ஓடிவந்து சரோவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஐஞ்சு தரம் உலை வைச்சு ஒருக்கா மட்டும் சோறு வெந்தால் என்னை வீட்டிலை வைச்சிருப்பியளோ அப்பா?"

சிவப்பு

பணம் போடுகிறவர்கள் சிலவேளை நேரில் வந்து பார்ப்பார்கள். லோசானிலிருந்து ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நல்ல சப்பாத்து. கடலடிப் படத்தின் முன்னால் நீண்ட நேரம் நின்றுவிட்டு, நடுவில் குன்றுபோல் மேலெழுந்திருந்த இடத்தில் மெதுவாக விரலை வைத்து, "இந்தச் சிவப்புத்தானே எண்ணெய்?" என்று கேட்டார்.

ரெகுலா அறையில் இல்லை. நானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் பாறை உயரமாக இருக்கிறது, உயரமான இடத்துக்குச் சிவப்புத் தீட்டுவது வழக்கம், உள்ளே எண்ணெய் இருக்கிறதா தண்ணீர் இருக்கிறதா என்பது துளைத்த பிறகுதான் தெரியும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். வாழ்க்கையில் எப்போதாவது ஒருமுறை உண்மை சொன்னால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார்.

"விளங்குகிறது, விளங்குகிறது. அடுத்த முறை நான் நண்பர்களோடு வரும்போது இன்னும் கொஞ்சம் சிவப்புப் போட்டு வையுங்கள்."

வாய்ப்பூட்டு

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல். நான் புளுகுவேன் என்பது பாடனிலிருந்து சோலோதுர்ன் வரை பிள்ளைகுட்டிக்கும் தெரியும். எங்கள் கப்பல் இழுத்துச் சென்ற நீளமான கேபிளைத் திமிங்கிலம் ஒன்று இடியப்பம் என்று நினைத்து உறிஞ்சியதில் கப்பல் கொழும்பு வரைக்கும் பின்பக்கமாகப் போனது என்று ஒரு சாமத்தியவீட்டு விருந்தில் சொல்லியிருக்கிறேன். சனம் சிரிக்கும். அடுத்த வடையை எடுக்கும். யாருக்கும் நட்டமில்லை.

துளைப்புத் தொடங்கியதும் கொம்பனி எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியது. கிணற்றின் முடிவு பற்றிய அறிவித்தல் வரும்வரை பெண்சாதிக்குக்கூட ஒரு சொல் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போய்விடும். எனக்கோ பென்சன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். ஆகவே வாயை மூடினேன். கலியாண வீட்டில் கேட்டார்கள், சாம்பாரில் உப்புக் குறைவு என்றேன். கோயிலில் கேட்டார்கள், கண்ணை மூடிக் கும்பிட்டேன். வேறொருவனாயிருந்தால் இதோடு முடிந்திருக்கும். ஆனால் திமிங்கிலத்துக்கு இடியப்பம் தீத்தியவன் சும்மா இருந்தால் சனம் சும்மா இருக்குமா?

ஒரு கிழமைக்குள் மன்னாரில் எண்ணெய் பொங்கிவிட்டது என்று சோலோதுர்ன் முழுக்கக் கதை. தவம் அதற்கும் ஒரு படி மேலே போனான். கடையை விற்றுவிட்டு, மன்னாரில் காணி வாங்கி, எண்ணெய்க் கிணற்றுக்கு வரப்போகும் வெள்ளைக்காரருக்குத் தங்குவிடுதி கட்டப்போகிறானாம். கடையை வாங்குவதற்கு ஓல்டனில் ஆள் பிடித்துவிட்டான். அவன் மனைவி கௌரி அழுதுகொண்டு சரோவுக்கு ரெலிபோன் எடுத்தாள். இங்கே பிறந்து இங்கேயே தாதித் தொழில் படிக்கிற மகள், அப்பா போனால் தனியாகப் போகட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டாள். நான் தவத்துக்கு ரெலிபோன் எடுத்து, "அவசரப்படாதை, கொஞ்சம் பொறு" என்று மட்டும் சொன்னேன். அவன் பக்கத்தில் நின்ற கௌரியிடம் திரும்பிச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"பாத்தியோ? அத்தான் தான் முதல் காணி வாங்கப் பாக்கிறார்."

நல்ல மணற்கல்

துளைப்புக் கப்பலிலிருந்து செய்தி வந்த காலை ரெகுலா தன் அறையைவிட்டு வெளியே வந்து, கோப்பி மெஷினுக்கு முன்னால் நின்றார். மெஷின் அன்று வேலை செய்தது. அதுவே கெட்ட சகுனம். அந்தக் கிணற்றுக்காக அவர் கலியாணம் தவிர மற்றதெல்லாவற்றையும் ஒத்திவைத்தவர். கலியாணத்தையும் ஒத்திவைத்தார் என்று சிலர் சொல்வார்கள்.

பங்காளிகள் எல்லாரும் சம்மதித்த பிறகுதான் அறிவித்தல் வெளிவரும், அதற்கு இன்னும் சில கிழமை ஆகும் என்றார். தவம் கடையை எழுதிக்கொடுக்கப்போவதோ வருகிற வெள்ளிக்கிழமை. ரெகுலா கோப்பியை ஒரு மிடறு குடித்தார்.

"நல்ல மணற்கல். எண்ணெய் தேங்குவதற்கு நாங்கள் நினைத்ததைவிட நல்ல மணற்கல். உள்ளே நிரம்ப இருக்கிறது, கடல்தண்ணீர்."

காகம் கறுத்த கதை

வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே சோலோதுர்னுக்கு ரயில் ஏறினேன். இல்லை என்று சொன்னால் வேலை போகும். சும்மா இருந்தால் கடை போகும். பொறு என்றால் காணிக்கு அடிபடுகிறேன் என்பான். ஓல்டனில் ரயில் மாறும்போதுதான் கடவுள் எனக்குத் தந்த ஒரே ஒரு திறமை ஞாபகத்துக்கு வந்தது.

கடையில் தவம் இரண்டு தகட்டையும் கையில் பிடித்து ரொட்டி கொத்திக்கொண்டிருந்தான். கௌரி கல்லாவில் இருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, நாலு வாடிக்கையாளருக்கும் கேட்கும்படி சொல்லத் தொடங்கினேன்.

"தவம், இனி மறைச்சு என்ன! பொங்கிட்டுதடா. கிணத்திலையிருந்து தென்னைமர உசரத்துக்குப் பீறிட்டதிலை மன்னார்க் காகமெல்லாம் கறுத்துப்போச்சு."

தகடுகளின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. "காகமோ?" என்றான்.

"காகம்தான். அங்கத்தைக் கழுதையள் ரோட்டிலை சறுக்கிச் சறுக்கி விழுந்து, இப்ப ஒவ்வொண்டுக்கும் நாலு சில்லுப் பூட்டுகினம். கீழையிருந்து சூடாய் வாற எண்ணெயாம், வலையை இழுத்தால் சூடை மீன் பொரிஞ்சபடி வருது. எலுமிச்சம்பழத்துக்கு மட்டும்தான் தட்டுப்பாடு. எனக்கு ஒரு கிணத்தை என்ரை பேரிலை எழுதப்போகினம்."

தகடுகள் நின்றன. தவம் என்னை மேலும் கீழும் பார்த்தான். திமிங்கிலக் கதையில் சிரித்தவன் அவன், இம்முறை சிரிக்கவில்லை. அவன் முகத்திலிருந்து தங்குவிடுதி ஒவ்வொரு மாடியாக இறங்கியதை நான் கண்டேன். கௌரி எழுந்து, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத முகத்தோடு உள்ளே போனாள். தவம் கையைத் துடைத்துக்கொண்டு, ஓல்டன் ஆளுக்குப் போன் எடுத்துக் கடை விற்பனைக்கில்லை என்றான். பிறகு என் முன்னால் ஒரு தட்டுக் கொத்துரொட்டியைத் தள்ளினான். முட்டை இரண்டு போட்டிருந்தான்.

"சாப்பிடுங்கோ அத்தான். நீங்கள் இவ்வளவு சொல்லுறியளெண்டால் அங்கை ஒரு சொட்டும் இல்லை."

விசாரணை

அறிவித்தல் வெளியாகிய அன்று ரெகுலா எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கிணறு வெறுங்கிணறு என்று யாரிடமாவது முன்கூட்டியே சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்றுமே சொல்லவில்லையா என்று மறுபடியும் கேட்டார். பென்சனை நினைத்துக்கொண்டு, "எண்ணெய் வழிகிறது என்று மச்சானிடம் சொன்னேன்" என்றேன். காகத்தையும் கழுதையையும் சேர்த்தே சொன்னேன். பாதி மறைத்தால் அதுவும் பிழையாகப் போகும் என்று பயம்.

ரெகுலா பேனையை மூடி மேசையில் வைத்தார். யன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். அந்த மனிசி இரண்டாந்தரம் சிரித்ததைக் கண்டவன் நான் ஒருவன்தான்.

"அது குற்றமில்லை. இத்தனை வருடமாக நாங்களும் அதைத்தானே சொல்லிவந்தோம், காகத்தை மட்டும் விட்டுவிட்டோம்."

எண்ணெய்த் தொழிலில் இருந்த காலம் முழுவதிலும் நான் செய்த எதிர்வுகூறல்களில் சரிவந்தது அந்தக் காகக் கதை ஒன்றுதான், அதையும் நான் தலைகீழாகச் சொன்னபடியால்தான் சரிவந்தது.