சுக்குக் குணுக்கு

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. பல் டாக்டர் வாசலில் காத்திருக்கும்போதும் தாலூக்கா ஆபீஸ் வரிசையிலும் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்பார் கணவர். ஆட்டாவிட்டால் எனக்கு ஆகாது. அந்த மாதிரி நேரத்தில் என்னைக் காப்பாற்றுவது போனில் இருக்கும் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம். முகம் தெரியாத மூன்று பேரோடு ஆடலாம். தோற்றால் திரையில் ஓர் அழுமூஞ்சி வந்து போகும். காதில் எதையும் தொங்கவிட மாட்டார்கள். அதனால் அதை நான் முழு ஆட்டமாக ஒப்புக்கொள்வதில்லை.

சின்ன வயதில் எனக்குப் பிடித்ததெல்லாம் ஓடுகிற விளையாட்டுகள். மட்டாஞ்சேரி பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே கள்ளன் போலீஸ், படகுத்துறைப் பக்கத்துச் சந்தில் கிளித்தட்டு, மழை வந்தால் கிடங்கு வாசலில் வட்டு. கிடங்கு சுக்குக் கிடங்கு. அதன் மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். பலகைத் தரை வழியாகச் சுக்கு வாசனை ஏறி வந்து சட்டையில், தலைமயிரில், சோற்றில்கூட உட்கார்ந்திருக்கும். எனக்கு ஜலதோஷமே பிடிக்காததற்கு அதுதான் காரணம் என்று சித்தப்பா சொல்வார். அவர் அந்தக் கிடங்கில் மேஸ்திரி.

ஆனால் நான் ஏங்கியது ஓடுகிற ஆட்டத்துக்கு அல்ல, உட்கார்ந்து ஆடுகிற ஒரே ஆட்டமான இதே இருபத்தெட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரிப்பார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கட்சி. அம்மாவும் அத்தையும் எதிர்க் கட்சி. ஒரே கட்சிக்காரர்கள் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். கண்ணைக் காட்டக் கூடாது, கனைக்கக் கூடாது. எனக்கு இடம் கிடையாது. நான் சீட்டை விசிறி மாதிரி ஊருக்கே காட்டிக்கொண்டு பிடிப்பேன், நடுவில் எழுந்து போய் மற்றவர் சீட்டைப் பார்ப்பேன் என்று குற்றச்சாட்டு. இரண்டும் உண்மை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சீட்டுக்கட்டில் மொத்தம் இருபத்தெட்டு புள்ளி. நான் இத்தனை எடுப்பேன் என்று ஒருவர் சவால் விட்டுத் துருப்பைத் தீர்மானிப்பார். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு சீட்டு, பெரிய சீட்டுக்கோ துருப்புக்கோ அந்தச் சுற்றின் புள்ளியெல்லாம் போகும். சொன்னதை எடுத்தால் வெற்றி. இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு மூன்று புள்ளி. ஒவ்வொரு கட்சிக்கும் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுப்பார்கள். தோற்கத் தோற்க அது கைமாறும். கொட்டை தீர்ந்த கட்சிக்குக் காதில் குணுக்கு விழும். கொச்சியில் சில வீடுகளில் பலா இலையை மாட்டுவார்கள், சில வீடுகளில் துணி கிளிப்பை. எங்கள் வீட்டில் சாக்குச் சணலில் கட்டின சுக்குத் துண்டு. அடுத்து ஒரு ஆட்டம் ஜெயித்தால்தான் அது இறங்கும். அதுவும் அந்த ஆட்டத்தில் தோற்ற எதிர்க் கட்சிக்காரர் தன் கையாலேயே கழற்ற வேண்டும்.

குணுக்கோடு படி இறங்கக் கூடாது என்பது அத்தை போட்ட சட்டம். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சீட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் இறங்காவிட்டால் அடுத்த ஞாயிறுவரை காதிலேயே கிடக்கும். ஒருமுறை சித்தப்பா தோழனின் கல்யாணத்துக்குப் போக முடியாமல், வெள்ளை வேட்டியும் சுக்குக் காதுமாக ஜன்னலில் நின்று கல்யாணக் கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு, ஏனென்றால் கிடங்கு வீட்டுக்குக் கீழேயே இருந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பெற்றவர்கள் போனபின் தம்பிகள் இருவரையும் வளர்த்தவள். அவள் சொல்லைத் தாண்டி அப்பா ஒரு குடைகூட வாங்கியதில்லை.

ஒரு வருஷம் மழை தொடங்கின சமயம் அம்மாவுக்கு வேலை வந்தது. என்னைப் பெறுவதற்கு முன்பே படித்து, எப்போதோ பரீட்சை எழுதி, மறந்தே போயிருந்த சர்க்கார் டீச்சர் வேலை. பாலக்காட்டுப் பக்கம், சித்தூரில் இருந்து உள்ளே போகிற கிராமத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். படகில் அக்கரை போய் ரயில் பிடிக்க வேண்டும், வாரம் முழுக்க அங்கே தங்க வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரலாம். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"ரெண்டு பிள்ளைகளை வளர்த்தவ நான், ஒரு ஜோலிக்கும் போகலை. இப்ப புருஷனையும் பெண்ணையும் விட்டுட்டு சித்தூருக்கு ஜோலியாம்!" என்றாள் அத்தை. அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, அப்படியா என்றா, யாருக்கும் விளங்கவில்லை. மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் பார்க்கும். அம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. இரண்டு புடவையை இஸ்திரி போட்டுப் பையில் வைத்தாள். பை கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை வெளியே எடுக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. நான் ராத்திரியும் பகலுமாகக் குனிந்து குனிந்து அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் பாய் விரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அப்பாவே விரித்தார். அத்தை தலைவலித் தைலம் பூசிக்கொண்டு உள் அறையில் படுத்துவிட்டாள். "எனக்கு வய்யா, உடம்புக்கு முடியலை. அவகூட உக்காந்து களிக்க நான் இல்லை" என்று சுவருக்குச் சொன்னாள். நாலாவது கை இல்லாமல் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"வாடி, உங்கம்மாவுக்கு எதிர்ல உக்காரு. அடங்கி உக்காருவியா?"

உட்காருவேன் என்று சத்தியம் செய்துவிட்டு உட்காருவதற்குள்ளேயே இரண்டு தரம் எழுந்தேன். துக்கத்தின் நடுவிலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குரங்கு கையில் கிடைத்த பூமாலைதான். நல்ல சீட்டையெல்லாம் முதலிலேயே வீசினேன். எங்கள் புளியங்கொட்டை மளமளவென்று அந்தப் பக்கம் போனது. கடைசிக் கொட்டையும் போனதும் சித்தப்பா சணலை எடுத்தார். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

"குணுக்கு விழுந்தாச்சா?" உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. தலைவலி கொஞ்சம் குறைந்திருந்தது. "யாருக்கு, டீச்சரம்மாவுக்கா? இறங்கலைன்னா ஒரு எடத்துக்கும் போக முடியாது. நம்ம வீட்டுச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கேட்டியாடா?"

கடைசி வார்த்தை அப்பாவுக்கு. அப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டே, "கேட்டேன் அக்கா" என்றார்.

அவரைவிட நன்றாக நான் கேட்டேன். இத்தனை நாள் என்னை அரித்த கேள்விக்கு அத்தை ஒரே வரியில் வழி சொல்லிவிட்டாள். தோற்றுக்கொண்டே இருந்தால் போதும்! அதுவரை தெரியாமல் தோற்றவள், அந்த நிமிஷத்திலிருந்து தெரிந்து தோற்கத் தொடங்கினேன். அதுதான் கஷ்டம். அம்மா நல்ல ஆட்டக்காரி. அவள் ஜெயித்து வைத்த சுற்றில் நான் புள்ளியில்லாத சீட்டாகப் பார்த்துப் போடுவேன். எதிரி ஜெயித்த சுற்றில் புள்ளியுள்ள பத்தும் ஆசுமாகக் கொட்டுவேன். சித்தப்பா ஆனந்தத்தில் தொடையைத் தட்டினார். அம்மா சீட்டுக்கு மேலாக என்னையே பார்த்தாள். காதில் சுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. சிரிக்க வேண்டிய காட்சி, யாரும் சிரிக்கவில்லை.

வெளியே மழை இருட்டியது. விளக்கு வைக்க நேரமாகிவிட்டது, இதுதான் கடைசி ஆட்டம் என்றார் சித்தப்பா. அம்மா சவால் விட்டாள், துருப்பு வைத்தாள், நான் இத்தனை கெடுத்தும் சளைக்காமல் ஆடினாள். ஆளுக்கு இரண்டு சீட்டு மிச்சம். அம்மாவுக்கு இன்னும் மூன்று புள்ளி வேண்டும். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் நிற்கவில்லை. சீட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து, அப்பாவுக்குப் பின்னால் இருந்த பானையில் தண்ணீர் குடிக்கப் போனேன். என் குணம் தெரிந்ததால் யாரும் தடுக்கவில்லை. குனியும்போது அப்பாவின் கையைப் பார்த்தேன். இஸ்பேடு ஜாக்கி ஒன்று, துருப்பு அல்ல. எதற்கும் உதவாத ஏழு ஒன்று.

அப்பாடா என்றிருந்தது. திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தேன்.

அம்மா தன்னிடமிருந்த கடைசித் துருப்பை இறக்கினாள். துருப்பு ராஜா, அதாவது வெறும் படம். அதை வெல்ல யாரிடமும் துருப்பு இல்லை. சித்தப்பா ஒரு வெற்றுச் சீட்டைப் போட்டார். நான் ஒரு வெற்றுச் சீட்டைப் போட்டேன். இனி அப்பா. அம்மாவிடம் மிச்சம் ஒரு சின்ன இஸ்பேடுதான். ஏழைப் போட்டுவிட்டு ஜாக்கியைப் பிடித்துக்கொண்டால் கடைசிச் சுற்று அவருக்கு, அம்மா தோற்றாள். பால்குடிக் குழந்தைகூட ஏழைத்தான் போடும்.

அப்பா கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். உள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜாக்கியைப் பாயில் வைத்தார்.

"அண்ணே!" என்று சித்தப்பா பாதி எழுந்துவிட்டார். "எந்தா இது? வேற சீட்டே இல்லையா உங்க கையில?"

"இல்லடா" என்றார் அப்பா. மிச்சம் இருந்த ஒற்றைச் சீட்டைக் கவிழ்த்தபடியே கட்டுக்குள் செருகினார். அம்மாவுக்கு வேண்டிய மூன்று புள்ளி வந்துவிட்டது, அதற்குமேல் ஆட வேண்டியதும் இல்லை. சித்தப்பா கோபத்தில் மீதிச் சீட்டை அள்ளி வீசினார்.

தோற்றவர் கழற்ற வேண்டும். அப்பா எழுந்து வந்து அம்மாவின் காதிலிருந்து சணலை எடுத்தார். முடி சிக்கியிருந்தது, மெதுவாக, கொஞ்ச நேரம் எடுத்துக் கழற்றினார். பிறகு உள் அறைக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"காலம்பற எத்தர மணிக்குப் படகு?"

"ஆறரைக்கு" என்றாள் அம்மா.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சட்டம் போட்டவளே சட்டத்தில் மாட்டிக்கொண்டாள். குணுக்கு இறங்கினால் போகலாம் என்று அவள் சொல்லவில்லைதான், ஆனால் இறங்காவிட்டால் போக முடியாது என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தாளே. அதற்குப் பிறகு சாயா போட எழுந்து வந்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

என் குணுக்கை நானே பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தேன். எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் உழைப்பெல்லாம் வீண். அம்மாவும் சந்தோஷமாக இல்லை என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. மறுநாள் வெள்ளென எனக்குத் தலை பின்னிவிடும்போது, "சீட்டு தோத்ததுக்காகப் போகச் சொல்றாரு. மனசு வந்து சொல்லலை. அப்படிப் போறதுக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்றாள். என்னிடம் சொன்னாளா, சீப்பிடம் சொன்னாளா தெரியாது. பின்னலை வழக்கத்தைவிட இறுக்கினாள்.

படகுத்துறைக்கு மூன்று பேரும் போனோம். அப்பா பையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். டிக்கெட் வாங்கினார், பையைத் தூணில் சாய்த்தார், தண்ணீரைப் பார்த்தார். படகு வந்து இடித்து நின்றது. நான் ஒரு காலில் நின்றேன், மறு காலில் நின்றேன், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படகுவரைக்கும் போனேன். கடைசியில் தாங்க முடியாமல் கோள் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்கு ஆடவே தெரியாதும்மா. கையில ஏழு இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு ஜாக்கியைப் போட்டாரு."

படகில் ஒரு கால் வைத்திருந்த அம்மா அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவர்கள், "கேறு சேச்சி, கேறு" என்று ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார்கள்.

"ஏழு இருந்துச்சா? நீ பார்த்தியா?"

"தண்ணி குடிக்கப் போனப்ப பார்த்தேன். சத்தியமா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அம்மா திரும்பி, தூணருகில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். அத்தனை ஜனத்துக்கு நடுவில் அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. படகு நகர்ந்து நடு உப்பங்கழிக்குப் போனபிறகும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தபடி நின்றாள்.

நான் அப்பாவின் விரலைப் பிடிக்க மறுத்துவிட்டு முன்னால் நடந்தேன். புருஷன் இவ்வளவு மோசமாகச் சீட்டாடுகிறான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் அழுகை வராது என்று நினைத்துக்கொண்டேன்.