கலியாணத்துக்குக் காத்திருந்த உறுதி

அன்று காலை ஐந்து மணிக்கே அம்மா குளித்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு படலையடியில் நின்றார். வீடு, காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோர் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருடமாக இழுபட்ட வேலை அன்றைக்கு முடியப்போகிறது.

பேசாலையில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. மூத்த மகள் எனக்குக் கலியாணம் சரிவந்தபோது பக்கத்துக் காணியை என் பெயருக்கு எழுதித் தந்தார்கள். அண்ணா வெளிநாட்டில். வீடு தங்கச்சிக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை சரிவந்த பிறகுதான் பெண்ணுக்கு உறுதிப் பத்திரம் எழுதுவார்கள். "கலியாணம் சரிவரட்டும், எழுதுவம்" என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. கலியாணம் சரிவரவேயில்லை. தங்கச்சிக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், அம்மாவைப் பார்ப்பதும் அவள்தான். அந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூட அவள் அடித்ததில்லை. அப்பா காலமான நாளிலிருந்து ஆறு வருடமாக அவருடைய படம் அலுமாரிக்கு மேலே சாய்ந்துகொண்டிருந்தது. மாட்டச் சொன்னால், "நாளைக்கு வீடு ஆருக்குப் போகுதோ, சுவரைப் பழுதாக்கக் கூடாது" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவின் மனதை மாற்றியது அப்பாவின் வயல். நறுவிலிக்குளத்தில் அவர் பெயரில் இருந்த வயலை எங்கள் பெயருக்கு மாற்ற நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட வேண்டியிருந்தது. மரணச் சான்றிதழ், பத்திரிகை விளம்பரம், அண்ணாவின் ஒப்பம், தவணைக்கு மேல் தவணை. நாலு வருடம் நீதிமன்றத்து மர வாங்கில் குந்தியிருந்து எனக்கு இடுப்பே விட்டுப்போனது. கடைசித் தவணை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்:

"நான் செத்து உங்களைக் கோட்டுக்கு அலைய விடமாட்டன். உயிரோட இருக்கேக்கையே வீட்டை எழுதிறன். மாப்பிள்ளையும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம்."

நான் துள்ளிக் குதிக்காததுதான் குறை.

கந்தோர் திறந்ததும் நொத்தாரிசு எங்கள் மூன்று பேரையும் கதிரையில் இருத்தி, நன்கொடை உறுதியை ஆறுதலாக வாசித்தார்.

"அம்மா, சீவிய உருத்தை உங்களுக்கே வைச்சிருக்கிறன். உங்கட காலம் மட்டும் உங்களை அந்த வீட்டால ஒருத்தரும் எழுப்பேலாது." அம்மா ஒப்பம் வைத்தார். பிறகு நொத்தாரிசு தங்கச்சியைப் பார்த்தார். "ஏற்றுக்கொள்ளுறன் எண்டு நீங்களும் ஒப்பம் வைக்கோணும். வாங்கிறவர் ஏற்காட்டில் இந்த உறுதி செல்லாது."

தங்கச்சி பேனையை எடுத்தவள், அதைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"நான் கலியாணம் கட்டேல்லை. எனக்கு என்னத்துக்கு முழு வீடு? மூண்டு பேருக்கும் எழுதுங்கோ."

மூன்று பேருக்கு எழுதினால் நாளைக்கு எங்கள் பிள்ளைகள் மறுபடி அதே வாங்கில்தான் போய் இருப்பார்கள். அதைவிட, இவள் சாகும்வரை சொந்த வீட்டில் விருந்தாளியாகவே இருப்பாள். நல்ல ஏச்சுக் கொடுக்க வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அமத்தினார்.

"பிள்ளை, நான் மாப்பிள்ளைக்கு எழுதேல்லை, உனக்கு எழுதிறன்," என்றார் தங்கச்சியிடம். "இது விளங்க எனக்கு இருபது வருசம் எடுத்திட்டுது. கோவிக்காத."

தங்கச்சி பேனையைத் திரும்ப எடுத்தாள். பிறகு ஒப்பம் வைத்தாள். கந்தோர் என்றும் பாராமல் நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். நொத்தாரிசு சிரித்துக்கொண்டே, காணிப் பதிவுக் கந்தோரில் பதிந்து வரச் சில கிழமை செல்லும், பொறுத்திருங்கோ என்றார். யாருக்குப் பொறுமை! மன்னார் ரவுணிலேயே மூன்று பேரும் ஐஸ்கிறீம் குடித்தோம். சீனி வருத்தக்காரி அம்மா இரண்டு குடித்தார். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த தங்கச்சி சேலைகூட மாற்றவில்லை.

"அம்மா, அப்பாட சுத்தியல் எங்க?"

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, விறாந்தைச் சுவரில் ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதுக்குப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஐயோ, சுவர் கொட்டுது!" என்றார் அம்மா.

"கொட்டட்டும், என்ர சுவர்தானே," என்றாள் தங்கச்சி. பிறகு அப்பாவின் படத்தை எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் கையை நீட்டினாள்.