ஆறாயிரம் அடி உயரத்தில் மூழ்கிய கார்

போன மாதம் எங்கள் கார் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது.

பதற வேண்டாம். நாங்கள் இருப்பது குன்னூரில்... கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில். இங்கே ஒரு கார் மூழ்கும் அளவுக்கு வெள்ளம் வந்தால் கீழே மேட்டுப்பாளையத்தின் கதி என்ன ஆவது? ஆனாலும் மூழ்கிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த ஒருவர் தன் டேப்லெட்டில் அப்படித்தான் டிக் செய்துவிட்டுப் போனார்.

கார் என்னுடையது இல்லை, ஜெசிந்தாவுடையது. ஜெசிந்தா என் மனைவி. முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் வளையல் வாங்கினார்கள், மனை வாங்கினார்கள். இவள், வேலையை விட்டு வெளிநாடு கிளம்பிய ஓர் எஸ்டேட் மேனேஜரிடமிருந்து மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். இரண்டே சீட். மேற்கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். சர்ச்சில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இல்லை.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. பேங்கில் அடையாள அட்டையாகக் காட்டுவேன். மற்றபடி ஒன்பது வருடமும் ஓட்டியது அவள்தான். பக்கத்து சீட்டில் குரங்குக் குல்லாவோடு நான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கிளம்புவோம். கூரை திறந்திருக்கும். காதைச் சுற்றிச் சால்வை. கோத்தகிரி ரோட்டில் திரும்பியதும் மூடுபனி வந்து கன்னத்தில் ஈரமாக ஒட்டும். கொஞ்ச தூரத்துக்கு நனைந்த யூகலிப்டஸ் வாசனை. அப்புறம் ஏதோ ஒரு ஃபேக்டரியில் இலை வறுபடும் வாசனை... அது மூக்கில் ஏறும்போதே அடுத்த வளைவு வந்துவிடும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவது கியர். இன்ஜின் சின்னதாக ஒரு முறை தொண்டையைக் கனைக்கும். வளைவு தாண்டியதும் மறுபடியும் அதே சீரான முனகல். ஜெசிந்தா பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாத ஒரு நிலை. பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியவற்றில் பாதி அந்த மயக்கத்தில் உதித்தவைதான்.

அந்தக் காரைத்தான் விற்க வேண்டி வந்தது.

ஜெசிந்தாவின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. மலை ரோட்டில் நிமிடத்துக்கு நாலு முறை கிளட்ச் மிதித்தால் தேயாமல் என்ன செய்யும்? முட்டியை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். தேதியும் குறித்துவிட்டார். அதன் பிறகு கிளட்ச் வேண்டாம். தரையோடு தரையாக இருக்கும் சீட்டில் இறங்கி ஏறவும் வேண்டாம். சில மாதம் போனால் உயரமான ஆட்டோமேட்டிக் வண்டி ஏதாவது ஓட்டிக்கொள்ளலாம்.

"கியர் போடாம ஓட்டறதெல்லாம் ஓட்டறதுங்களா டாக்டர்?" என்றாள் ஜெசிந்தா. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இனி ஓட்டவே முடியாதோன்னு பயமா இருக்குங்க" என்றாள். நாற்பது வருடத் திருமணத்தில் அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆபரேஷன் முடிந்து அவளைக் கூட்டிவர உயரமான வண்டி தயாராக இருக்க வேண்டும். ஆகவே நான் சுலபமான வழியைப் பிடித்தேன். எக்ஸ்சேஞ்ச். ஒரு ஷோரூமில் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு அங்கேயே புது வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். விளம்பரம் வேண்டாம், பேரம் வேண்டாம், கண்ணீர் வேண்டாம். ஜெசிந்தாவிடம் சொன்னேன். "பண்ணுங்க" என்றாள். அவ்வளவுதான்.

காரை மதிப்பிட ஷோரூமிலிருந்து அந்த டை கட்டிய மனிதர் வந்தது அப்போதுதான். நல்ல மனிதர், ரொம்ப மரியாதை. ஷெட்டுக்குள் குனிந்து, படுத்து, காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார்... இந்த வண்டி தண்ணிக்குள்ள நின்னுருக்குதுங்களா?"

ஏன் அப்படிக் கேட்டார் தெரியுமா? சீட்டுக்கு அடியில் ஒரு துணிப் பை நிறைய அடுப்புக்கரி. பானெட்டுக்குக் கீழே ஒயர் இழுத்து ஒரு குண்டு பல்பு. தரைவிரிப்பைக் கழற்றிக் கொடியில் காயப் போட்டிருந்தோம். உள்ளே லேசாக ஈர வாடை.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஜூன் தொடங்கினால் எங்களுக்குத் துணி காயாது, தீப்பெட்டி எரியாது, செருப்பில் பூஞ்சை பூக்கும். பட்டுப்புடவை இருக்கும் பீரோவுக்குள் பல்பு எரியவிட்டுத்தான் தூங்கப் போவோம். ஜெசிந்தா தன் காருக்கும் அதையே செய்தாள். ஈரத்தை இழுக்கக் கரி, சூட்டுக்கு பல்பு. ஆனால் கீழே இருந்து வந்தவருக்கு இதெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் காயவைத்து விற்கப் பார்ப்பவர்களின் வேலையாகத் தெரிந்தது. நன்றாகப் பராமரித்ததற்குக் கிடைத்த பட்டம்!

நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

"எனக்குப் புரியுதுங்க சார். ஆனா சிஸ்டத்துல ஈர வாடை இருக்குதா, ஆமா இல்லைன்னு ரெண்டுதான் இருக்குது. மூணாவதா குன்னூருன்னு ஒண்ணு இல்லீங்களே."

'வெள்ளத்தில் மூழ்கியது' என்ற கட்டத்தில் டிக் செய்தார். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்திருப்பதையும் ஒரு குறையாகக் குறித்துக்கொண்டார். சிஸ்டம் சொன்ன விலை, வண்டியின் நான்கு டயருக்கும் கொஞ்சம் மேலே.

அவர் போனதும் ஜெசிந்தா கேட்டாள். "ஏனுங்க, என்னன்னு எழுதீட்டுப் போறாரு?"

சொன்னேன். ஒன்பது வருடமாக மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய் அந்த பல்பைப் போட்டுவிட்டு வருபவள் அவள். முகம் சிவந்துவிட்டது.

"அவங்களுக்குக் குடுக்க வேண்டாம். நடுவுல ஆள் இல்லாம நாமளே விப்போம்."

தனியாக விற்றால் எக்ஸ்சேஞ்சைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' எப்படி வருகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இணையத்தில் விளம்பரம் போட்ட நாளிலிருந்து என் போன் என்னுடையதாக இல்லை. "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பவர்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு மைலேஜ் கேட்பவர்கள். ஒருவர், பின்னால் இன்னும் ஒரு சீட் போட்டுக்கொள்ள முடியுமா என்றார். முடியாது என்றேன். அப்படியானால் எதற்குக் கார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். யோசித்தால் நியாயமான கேள்விதான்.

திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் டெஸ்ட் டிரைவுக்கு வந்தது. இரண்டு சீட் காருக்கு எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு ரவுண்டு போனார்கள், ஆளுக்கு நாலு போட்டோ எடுத்தார்கள், எங்கள் வாசலிலேயே கட்டிவந்த புளிசாதத்தைப் பிரித்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். ருசியாகவே இருந்தது. கிளம்பும்போது ஊட்டி போட் ஹவுஸுக்கு எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார்கள். காரைப் பற்றிக் கேட்டதற்கு, மஞ்சள் கலர் மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்றார்கள்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மூழ்கினால் மூழ்கிவிட்டுப் போகட்டும், ஷோரூமுக்கே கொடுத்துவிடலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது போஜன் வந்தார்.

போஜன் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர். கேரட் விவசாயி. ஐம்பதை நெருங்கும் வயது. தன் பிக்கப் வண்டியைச் சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்தைச் சுவர் பக்கம் திருப்பி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் எங்கள் கேட்டைத் திறந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

அவர் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. குத்த வைத்து உட்கார்ந்து டார்ச் அடித்துப் பெடல்களைப் பார்த்தார்.

"கிளட்ச் ரப்பர் தேஞ்சிருக்குது. பிரேக் ரப்பர் புதுசாட்டமே இருக்குது. எறக்கத்துல கியர்லயே எறக்கிருக்கீங்க டீச்சர்."

"ஏறுன கியர்லதானுங்க எறங்கோணும்? வேற எப்படி எறக்குவாங்க?"

"கீழ இருந்து வர்றவங்க பிரேக்கை மிதிச்சே எறக்கறாங்களே, பாத்ததில்லீங்களா?" என்றவர் பல்பைப் பார்த்தார். "எங்க ஊட்டுல பீரோவுலயும் இப்படித்தான் எரியுது."

மூன்று வாரத்தில் ஜெசிந்தா சிரித்தது அப்போதுதான்.

இவருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்? எனக்கு அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"இருவத்தஞ்சு வருஷமா மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு அடிக்கறனுங்க சார். முதுகுக்குப் பின்னால மூட்டை இல்லாம ஒரு நாளும் ஓட்டுனதில்லை. ஒண்ணுமே ஏத்த முடியாத வண்டி ஒண்ணு வேணும்."

இப்படி ஒரு காரணத்தை எந்த விளம்பரத்தில் எழுதுவது? ஷோரூமுக்குப் போகிற வண்டி ஒரு நம்பர். தனியாக விற்கிற வண்டிக்குத்தான் அடுத்த ஆள் யார், அவருக்கு என்ன ஆசை என்பதெல்லாம் தெரியவருகிறது. எக்ஸ்சேஞ்சில் நான் தவிர்க்கப் பார்த்த தொந்தரவு அதுதான்.

ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை நீட்டினேன். போஜன் வாங்கவில்லை. "மொதல்ல டீச்சர் ஓட்டட்டும். வண்டி எப்படிப் பழகிருக்குதுன்னு பக்கத்துல உக்காந்து பாத்துக்கறனுங்க."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். வலிக்குமே என்றேன். "வலிக்கட்டும்" என்றாள்.

இரண்டே சீட் அல்லவா? நான் கேட்டருகில் நின்றுவிட்டேன். கார் வளைவில் திரும்பியது. மூடுபனி மூடிக்கொண்டது. இனி சத்தம் மட்டும்தான். மூன்றாவது கியர்... இரண்டாவது... அந்தச் சின்னக் கனைப்பு. மலைத்தோளுக்குப் பின்னால் போனதும் சத்தம் அப்படியே அணைந்தது. பிறகு பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில், எங்கோ தேயிலைக்கு நடுவிலிருந்து, மெலிசாக மறுபடியும் கேட்டது. அந்தக் காரை வெளியிலிருந்து நான் கேட்டது ஒன்பது வருடத்தில் அதுவே முதல் தடவை. எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாள் என் மனைவி! எனக்கு அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். பனியில் யாருக்குத் தெரியப்போகிறது?

பிறகு சத்தம் நின்றுபோனது. கால் மணி நேரம், அரை மணி நேரம்... நடந்தே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டைச் சாத்தும்போது கார் வந்தது. ஓட்டிவந்தவர் போஜன். ஜெசிந்தா இந்தப் பக்கத்து சீட்டில், என் இடத்தில், சால்வை நழுவியது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முட்டி புடிச்சுக்குச்சு டீச்சருக்கு. வியூ பாயின்ட்ல நிறுத்தி சீட்டு மாத்திக்கிட்டமுங்க" என்றார் போஜன்.

எனக்கு மனசு சுருங்கிவிட்டது. கடைசி டிரைவ் இப்படியா முடிய வேண்டும்? குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வலி இருந்தது. ஆனால் கண் எங்கோ இருந்தது.

"ஏனுங்க..." என்றாள் மெதுவாக. "பனி விலகுனப்ப பாத்தேன். இந்தப் பக்கம் எத்தனை பெரிய பள்ளத்தாக்கு! அடுக்கடுக்கா, நீலமா, கடைசி வரைக்கும் போகுதே. ஒம்பது வருஷமா எனக்கு ரோடும் வளைவும்தான் தெரிஞ்சுது. நீங்க மட்டும் ஒவ்வொரு வாரமும் இதைப் பாத்துட்டு வந்துருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லலியே?"

நழுவிக் கிடந்த சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. விலையில் போஜன் கொஞ்சம் குறைத்தார், ஜெசிந்தா கொஞ்சம் இறங்கினாள். ஃபாரங்களில் கையெழுத்து. எத்தனை மணிக்கு வண்டி கைமாறியது என்பது வரை எழுதிய டெலிவரி நோட்டு. கரிப் பையையும் பல்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "கீழ யாருக்கும் வித்துற மாட்டீங்களே?" என்று ஜெசிந்தா கேட்டதற்கு, "கீழ போறது கேரட்டு மட்டுந்தானுங்க டீச்சர்" என்றார்.

உயரமான ஆட்டோமேட்டிக் வண்டி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அதில்தான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். ஓட்டியது அடியேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குப் பின்னால் இரண்டு பஸ்ஸும் பதினேழு கார்களும் பொறுமையாக வந்தன. ஜெசிந்தா ஒரு தடவைகூடத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, மோவாயில் கை வைத்து, வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆபரேஷனைப் பற்றிப் பேசவே இல்லை. பர்லியாறு தாண்டும்போது, "திரும்பி வர்றப்பவும் மெதுவாவே ஓட்டுங்க" என்றாள். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் பார்ப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஒன்பது வருடமும் அந்த சீட்டில், கோத்தகிரி ரோடு திரும்பியதிலிருந்து வீடு வந்து சேரும்வரை, பயத்தில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் என்பது இந்தப் பத்தியைப் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரியும்... இன்னும் ஒரு வாரத்துக்கு அவளால் என்னைத் துரத்திக்கொண்டு வர முடியாது என்கிற ஒரே தைரியத்தில் எழுதிவிட்டேன்.