பஸ் திரும்ப ஓர் இடம்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. திங்கட்கிழமை குறைதீர் நாள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே கடை வாசலில் ஆட்கள் நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டான், மருமகன் குடித்துவிட்டு அடிக்கிறான். எல்லாம் கேட்டுக் கேட்டு, ஆள் வாயைத் திறக்கும் முன்பே "ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்" என்று என் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடத் தொடங்கிவிடும்.

நாலைந்து வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட் மாதத் திங்கட்கிழமை அது. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். வெயிலில் கருத்த உடம்பு, வெள்ளை வேட்டி, செருப்பில் செம்மண். பார்த்தாலே விவசாயி என்று தெரிந்தது. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

"இன்னா மனுண்ணா?" என்றேன்.

"பஸ்ஸு மா."

"உங்க ஊருக்கு பஸ் வர்றதில்லையா?"

"எங்க ஊருக்கு வருது. காலனிக்குத்தான் போறதில்ல. அது வரைக்கும் உடச் சொல்லி அடி."

என் கை நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. நானே ஒரு காலனியில் பிறந்தவள். அவர் சொன்ன கிராமம் இல்லை, அதற்கு வடக்கே இன்னொன்று. எல்லா இடத்திலும் அமைப்பு ஒன்றுதான். ஊர் ஓர் இடத்தில் இருக்கும், காலனி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், பஸ் ஊரோடு திரும்பிவிடும். நான் பத்தாவது வரைக்கும் அந்த இரண்டு கிலோமீட்டரை நடந்துதான் பஸ் பிடித்தேன். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து போய் நின்றால் பஸ் போயிருக்கும். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று பள்ளிக்கூடம் விட்டுப்போனது. பிறகு மொத்தமாக நின்றுவிட்டேன். அப்புறம் திருவண்ணாமலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து லோயர் பாஸ் செய்தது தனிக் கதை.

காலனிக்கு பஸ் கேட்டு நான் எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். எல்லாம் காலனிக்காரர்கள் கேட்டது. ஊர்க்காரர் ஒருவர் வந்து அதைக் கேட்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்தது. மறைக்காமல் கேட்டே விட்டேன்.

"பஞ்சாயத்து எலக்‌ஷன்ல நிக்கப் போறீங்களாண்ணா?"

"நானா?" என்று முறைத்தார். "என் பேச்ச என் வீட்டுலயே யாரும் கேக்கறதில்ல. ஊர்ல எவன் மா எனக்கு ஓட்டு போடுவான்?"

பிறகு அவரே சொன்னார். அவர் மகள் கீழ்பென்னாத்தூரில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளோடு படிக்கும் நாலு பெண்கள் காலனியிலிருந்து நடந்து வந்து அதே பஸ் ஏறுவார்கள். ஒருநாள் அந்த நாலு பேரும் தூரத்தில் ஓடி வருவது தெரிந்தும் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். மகள் உள்ளேயிருந்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறாள். பஸ் நிற்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்குப் பரீட்சை.

"மறுநாள் காலையில ஆறரைக்கெல்லாம் பையத் தூக்கிட்டு கெளம்பிட்டா மா. எங்கடி போறேன்னா, காலனிக்குப் போறேன்றா. அங்க போயி, அந்த பசங்களோட சேந்து திரும்பி நடந்து வந்து பஸ் ஏர்றா. தெனம் இதே வேல. எதுக்குடி இந்த கூத்துன்னு கேட்டேன். இன்னா சொன்னா தெரியுமா? 'என்னையும் உட்டுட்டுப் போனாத்தான் நீங்க போயி கேப்பீங்க'ன்றா."

"அப்புறம்?" என்றேன்.

"அதே மாதிரி போன வாரம் உட்டுட்டுப் போயிட்டான். அஞ்சு பேரும் ரோட்ல நிக்கறாங்க. சாயங்காலம் நான் போயி கண்டக்டர் சட்டையப் பிடிச்சேன். அவன் ரொம்ப பொறுமையா, 'காலனி வரைக்கும் பஸ் வேணும்னா எனக்கென்ன சார் போச்சி, மனு குடுங்க'ன்னான். அதான் வந்தேன்."

"வீட்டுல இன்னா சொல்றாங்க?"

"அவங்க அம்மா பத்து நாளா என்கிட்ட பேசறதில்ல. பொட்டப் புள்ளைய அங்கெல்லாம் அனுப்பறியேன்னு ஊர்ல கேக்கறாங்களாம். பஸ்ஸு காலனியிலருந்து கெளம்புனா நம்ம ஊருக்கு வரும்போது சீட்டு இருக்காதேன்னு இன்னொரு கூட்டம். அதுவும் நெசந்தான். சீட்டு இருக்காது. ஆனாலும் நீ அடி மா."

அடித்தேன். வழக்கமாக நான் எழுதும் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" எல்லாவற்றையும் குறைத்துவிட்டு, அந்த ஐந்து பெண்களும் நடக்கும் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் தெளிவாகப் போட்டேன். படித்துக் காட்டியபோது தலையாட்டினார்.

அன்றைக்குக் கடையில் இன்னொரு கூட்டமும் இருந்தது. சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்குப் பேச்சு எடுத்துப் போகப் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து நின்றார்கள். 'ஒரு நாட்டை உயர்த்துவது எது' என்று அந்த வருஷம் தலைப்பு. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. அதைத்தான் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராக்கெட், ராணுவம், இமயமலை, வல்லரசு எல்லாம் அதில் வரும். அவசரத்தில் அவர் மனுவின் இரண்டாம் தாளுக்குப் பதில் பேச்சின் இரண்டாம் தாளை வைத்துக் கொடுத்துவிட்டேன். ரோட்டைத் தாண்டிப் போனவர் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"யம்மா, நான் காலனிக்கு பஸ் கேட்டா நீ சந்திரனுக்கு அனுப்பறியே!"

கடையே சிரித்தது. தாளை மாற்றிக் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்தப் பேச்சை முதல் முறையாக முழுசாகப் படித்துப் பார்த்தேன். பொய் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் பதினாறு வயதில் மழையில் நின்ற எனக்கு அதில் எங்கேயும் இடம் இல்லை. பஸ்ஸுக்குள்ளே சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி அன்றைக்கு எனக்காக "நிறுத்துங்க" என்று கத்தியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். நாட்டைப் பற்றி எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். அதைப் பேச்சில் சேர்க்கத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து பதில் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். காலனியில் பேருந்து திரும்புவதற்கு இடவசதி இல்லாததால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்று இரண்டே வரி.

"காலனி முடியற எடத்துல இன்னாண்ணா இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒன்னும் இல்ல. வைக்கோல் போரு, எருக்குப்ப. அப்பால முள்ளு."

"யாரு போரு?"

"புறம்போக்கு எடம் மா அது. எங்க பங்காளிங்க ரொம்ப நாளா போட்டுனு வர்றோம். அண்ணனுது ஒரு போரு. என்னுது ஒன்னு."

எனக்கு அன்றைக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "அப்ப எடம் இருக்குதேண்ணா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், இனி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்பது ஒன்று, தன் போரை எடுப்பது வேறு. நான் பேசியது தப்போ என்று இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். பள்ளிக்கூட யூனிஃபார்மில் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். அதில் உயரமாக இருந்தவள், "அக்கா, எங்க அப்பா பஸ் மனு அடிச்சாரே, ஞாபகம் இருக்குதா?" என்றாள். பக்கத்தில் நின்றவள் காலனிப் பெண். பரீட்சையன்று பஸ்ஸை விட்டவர்களில் ஒருத்தி.

"அப்பா வரலையா?"

"அவருக்கு ஒடம்பு வலிக்கா. வைக்கோல் இழுத்துப் போட்டாரு. எங்க போர அங்கருந்து எடுத்துட்டோம்."

"தனியாவா?"

"மொதநாள் தனியாத்தான் இழுத்தாரு. ரெண்டாவது நாள் இவங்க அப்பா, சித்தப்பா எல்லாம் வந்துட்டாங்க." காலனிப் பெண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நாங்க அந்தப் பக்கத்து முள்ள எல்லாம் வெட்டிட்டோங்கா" என்றாள்.

"பெரியப்பா போரு?"

"அது இன்னும் நிக்குது. பெரியப்பா எங்க வீட்டோட பேசறதையே நிறுத்திட்டாரு."

இரண்டாவது மனுவை அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். இடம் இருக்கிறது, வந்து அளந்து பாருங்கள் என்பதுதான் அதில் விஷயம். சர்வேயர் வந்தார், அளந்தார். டிப்போவிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அண்ணன்காரர் தன் போரைக் கடைசியில்தான் எடுத்தார். பஸ்ஸுக்காக எடுத்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லையாம். "பஸ்ஸு இடிச்சி போரு சரிஞ்சா எவன் பதில் சொல்றது?" என்று திட்டிக்கொண்டே எடுத்தாராம். எப்படியோ இடம் காலியானது.

தை மாதத்தில் ஒருநாள் அவரே போன் செய்தார். "நாளைக்கி காலையில பஸ் காலனிக்குப் போகுது மா. நீ வரணும்." நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை அந்த பஸ்ஸில் ஏறினேன்.

ஊரைத் தாண்டி பஸ் காலனிப் பக்கம் போனது. இரண்டு கிலோமீட்டர் என்பது பஸ்ஸில் எவ்வளவு சின்னதாக இருக்கிறது! கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டிரைவர் முன்னே பின்னே எடுத்து மூன்றாவது முறையில் பஸ்ஸைத் திருப்பினார். பெண்கள் விசில் அடித்தார்கள். யாரோ டிரைவருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். கண்டக்டருக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. சட்டையைப் பிடித்தது இவரைத்தானா என்று கேட்கவேண்டும் போல இருந்தது, கேட்கவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு கர்ப்பிணிப் பெண் என்று காலனியிலேயே சீட்டெல்லாம் நிறைந்துவிட்டது. ஊர் ஸ்டாப்பில் அவரும் மகளும் நின்றார்கள். கூடவே பத்துப் பதினைந்து பேர். மகள் ஏறி, பிடிக்க ஒரு கம்பி தேடினாள். அவர் வெளியிலிருந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

"பாத்தியா மா? என் பொண்ணு நின்னுனு போறா!"

குறை சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

ஊர்ப் பெண்மணி ஒருவர் பூக்கூடையோடு ஏறி, "இப்பிடி நெறஞ்சி வந்தா நாங்க எங்க ஒக்கார்றது?" என்று முணுமுணுத்தார். சீட்டில் இருந்த காலனிப் பெண்கள் இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்து, "இப்பிடி ஒக்காருங்கம்மா" என்று இடம் விட்டார்கள். அவர் உடனே உட்காரவில்லை. பஸ் கிளம்பி, முதல் வளைவில் ஆடியது. அந்த ஆட்டத்தில் ஒரு கையால் சீட்டைப் பிடித்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கீழ்பென்னாத்தூர் வருவதற்குள் பக்கத்தில் இருந்த பெண்ணின் தலைக்கு ஒரு முழம் பூ கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண் நிறைந்திருந்ததை யாரும் பார்க்க வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பஸ் பல நாள் தாமதமாகத்தான் வருகிறது. ஊரில் சிலர் இன்னும் சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து பெண்களும் பிளஸ் டூ முடித்துவிட்டார்கள். உயரமான பெண் திருவண்ணாமலையில் நர்சிங் படிக்கிறாள். கடைக்கு எப்போதாவது வந்து, "அக்கா, டீ வாங்கிக் குடு" என்று உரிமையாகக் கேட்பாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். மூன்று பேர் ஊர், மூன்று பேர் காலனி. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்கென்று காலனி பஸ்ஸை டிப்போக்காரர்கள் எடுத்துவிடுகிறார்களாம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லையாம். அந்த அண்ணன்காரர், கடைசியில் போரை எடுத்தவர், அவர்தான் எல்லோரையும்விட சத்தமாகப் பேசினார்.

"பௌர்ணமின்னாலும் எங்க பஸ்ஸ எடுக்கக் கூடாதுன்னு அடி மா."

காலனிக்காரர் ஒருவர் குறுக்கிட்டார். "அப்பிடி போட வேணாங்க. எங்கெங்கிருந்தோ மலை சுத்த வர்றாங்க. அவங்களும் வீடு போய்ச் சேரணும் இல்ல?"

"அப்ப நம்ம புள்ளைங்க?"

"காலையில ஒரு நடை உட்டாப் போதும். மீதிய எடுத்துக்கட்டும்."

என் மேஜைக்கு முன்னால் அரை மணி நேரம் இதே வாக்குவாதம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அண்ணன்காரர், "சரி, ஒரு நடைன்னே போடு" என்றார். காலை ஏழரை மணி நடையை மட்டும் எந்த நாளிலும் நிறுத்த வேண்டாம் என்று அடித்து, ஆறு பேருக்கும் படித்துக் காட்டினேன்.